14 ஜன்னல் கதவுகள்: பாதியில் நின்ற பெயின்ட் வேலை முடிந்த விதம்

பின்னணி

இந்தக் குறிப்பில் வரும் இருவரும் உடன்பிறந்தவர்கள். அக்கா, அம்மாவோடு பழைய வீட்டில் இருக்கிறார். தம்பி அரைமணி நேரத் தொலைவில் தனியாக இருக்கிறார். வீடு கட்டி 40 வருடத்துக்கு மேல் ஆகிறது. 7 ஜன்னல்கள், ஒவ்வொன்றுக்கும் இரட்டைக் கதவு, ஆக 14 கதவுகள். உள்ளறைக் கதவுகள் 3, முன்கதவு 1. மரம் நல்ல மரம், ஓரிடத்தில்கூடப் பூச்சி இல்லை. ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசிய பெயின்ட் ஐந்தாறு அடுக்கு ஏறி, செதுக்கு வேலையெல்லாம் மழுங்கிப்போயிருந்தது. பல கதவுகள் பெயின்ட் தடிப்பினாலேயே சட்டத்தில் சரியாகப் பொருந்தவில்லை.

பழைய பெயின்டை முழுக்க எடுத்துவிட்டு, மரத்தைத் தேய்த்து, புதிதாக எனாமல் பூசுவது என்று முடிவெடுத்தார்கள். ஆள் வைக்காமல் இருவருமே செய்வது என்றும் தீர்மானித்தார்கள். காசு மட்டும் காரணமில்லை. அப்பா கையால் கடைசியாகப் பெயின்ட் அடித்த கதவுகள் அவை. வேறு யாரும் தொடுவதில் அக்காவுக்கு மனமில்லை.

நான் மரவேலையில் இருப்பவன், இருவருக்கும் பழக்கமானவன். வேலை நின்றுபோன பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் நடந்ததை அக்காவின் நோட்டிலிருந்தும் அவர்கள் சொன்னதிலிருந்தும் எழுதுகிறேன். பிறகு நடந்தது நான் பார்த்தது. எழுத இருவரின் சம்மதமும் உண்டு.

முதலில் போட்ட திட்டம்

திட்டம் காகிதத்தில் ஒழுங்காகத்தான் இருந்தது. 6 வாரம், சனி ஞாயிறு மட்டும், நாளுக்கு 4 மணி நேரம். முதல் இரண்டு வாரத்தில் எல்லாக் கதவுகளின் பெயின்டையும் சுரண்டுவது, மூன்றாவது வாரம் எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்ப்பது, நான்காவது வாரம் பள்ளங்களைப் பட்டியால் அடைத்துப் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிப்பது, கடைசி இரண்டு வாரம் பெயின்ட் இரண்டு கோட். இரண்டு பேருக்குமாகச் சேர்த்தால் 96 மணி நேர வேலை.

அந்த 96 எப்படி வந்தது என்று பின்னால் கேட்டேன். ஒரு கதவைக்கூட முழுதாகச் செய்து பார்க்காமல், 'ஒரு கதவுக்கு இவ்வளவு ஆகும்' என்று மனக்கணக்காகப் போட்டது. இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1994-ல் ரோஜர் ப்யூலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். முன் அனுபவம் உள்ளவர்களும் இப்படித்தான் தவறுகிறார்கள். முதல்முறை செய்பவர்கள் எம்மாத்திரம்.

தொடங்கும் முன் அவர்கள் சரியாகச் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்று அக்கா கேள்விப்பட்டிருந்தார். ஒவ்வொரு கதவிலும் மரம் வரைக்கும் வெட்டியெடுத்த சிறு சில்லுகளைப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். ஜன்னல்களிலும் உள்கதவுகளிலும் கவலைப்படும்படி ஒன்றுமில்லை. முன்கதவின் கீழ் அடுக்கில் ஈயம் இருந்தது. அதைச் சுரண்டினாலோ தேய்த்தாலோ ஈயத்தூசி வீடெல்லாம் பரவும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை, குழந்தைகளுக்கு அது மூளையைப் பாதிக்கும். இந்த முடிவு கையில் இருந்தும் முன்கதவைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. 'அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று வைத்திருந்தார்கள்.

முதல் 7 வாரம்: வேலை நின்ற கதை

முதல் சனிக்கிழமை காலையிலேயே 14 ஜன்னல் கதவுகளையும் கழற்றிவிட்டார்கள். ஒவ்வொன்றின் கீல் பக்கத்திலும் எண் போட்டார்கள், திருகுகளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அதே எண்ணை எழுதினார்கள். ஜன்னல்களுக்கு பிளாஸ்டிக் ஷீட் அடித்தார்கள். அன்று இருவருக்கும் இருந்த உற்சாகம் நோட்டிலேயே தெரிகிறது. கையெழுத்துகூடப் பெரிதாக இருக்கிறது.

அந்த வாரம் இரண்டரைக் கதவு சுரண்டி முடித்தார்கள். அடுத்த வாரம் இரண்டு. மூன்றாவது வாரம் ஒன்று. நான்காவது வாரம் தம்பிக்கு அலுவலக வேலை, அக்காவுக்குத் தலைவலி. ஐந்தாவது வாரத்திலிருந்து நோட்டில் ஒன்றுமே இல்லை.

ஏழு வாரம் போன பிறகு நிலைமை இதுதான். சுரண்டி முடித்தவை 5, பாதி சுரண்டியது 1, தொடாதவை 8. முழுதாக முடிந்தது ஒன்றுகூட இல்லை. கதவுகள் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றன. ஷீட் காற்றில் இரவெல்லாம் படபடத்தது. பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. அம்மா சத்தம் போடவில்லை. ஒருநாள் மட்டும், "கழட்டுனதை மாட்டிட்டாவது போங்கப்பா, வெளிச்சமே இல்ல" என்றாராம். அதைக் கேட்ட பிறகு அந்தக் கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாராம்.

எட்டாவது வாரம் எனக்குப் போன் வந்தது. "அண்ணா, எங்களுக்கு இதுல மனசே ஓட மாட்டேங்குது. சோம்பேறியாயிட்டோம்னு நினைக்கிறேன். ஆள் யாராவது இருந்தா சொல்லுங்க" என்றார் அக்கா.

நேரில் பார்த்தது

சோம்பேறித்தனம் என்று அவர்களே சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் கருவிகளைக் கொண்டுவரச் சொன்னேன்.

சுரண்டியின் முனை பெருவிரலால் தடவினால் வழுக்கிக்கொண்டு போனது. மூன்று வாரமும் ஒருமுறைகூட அரம் போடவில்லை. இழுத்துச் சுரண்டும் இரும்பு முனை கால் மணி நேரத்திலேயே மழுங்கத் தொடங்கும். அது மழுங்கிவிட்டது என்று கைக்குத் தெரியாது, நமக்கு வலு இல்லை என்றுதான் தோன்றும். தம்பியின் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. மோல்டிங் பள்ளங்களை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் நோண்டியிருந்தார்கள், மரத்தில் கீறல்கள் விழுந்திருந்தன. உப்புத்தாளில் எண் கூடக் கூடத் தாள் நைசாகும். இவர்களிடம் 220 எண் மட்டுமே நிறைய இருந்தது. அது கடைசி மெருகுக்கான தாள். பழைய பெயின்டின் மேல் வைத்துத் தேய்த்தால் சூட்டில் பெயின்ட் இளகித் தாளை அடைத்துவிடும். குப்பைக் கூடையில் கிடந்த தாள்கள் எல்லாம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தன.

அங்கேயே ஒரு சோதனை செய்தோம். அதே மழுங்கிய சுரண்டியால் 10 நிமிடம் தம்பி சுரண்டினார். ஒரு சாண் நீளம் போனது, அதுவும் திட்டுத்திட்டாக. சுரண்டியைப் பிடிப்பானில் இறுக்கி, முனையில் ஏற்கெனவே இருக்கும் சரிவை ஒட்டியே அரத்தைத் தள்ளிப் பத்துப் பன்னிரண்டு தடவை ராவினேன். திரும்ப 10 நிமிடம். இந்த முறை பெயின்ட் தூளாக உதிராமல் சுருள் சுருளாக எழுந்து வந்தது, நாலு சாணுக்குக் குறையவில்லை. தம்பி நிறுத்தாமல் பதினைந்தாவது நிமிடத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். நான் தோளைத் தொட்டு நிறுத்த வேண்டியிருந்தது.

சலிப்பு என்று அவர்கள் சொன்னதில் பாதி கருவிக் கோளாறு. இதை நான் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன். வேலை நகராதபோது மனிதர்கள் கருவியைச் சந்தேகப்படுவதில்லை, தங்களையே சந்தேகப்படுகிறார்கள்.

மீதிப் பாதி வேறு இடத்தில் இருந்தது. அக்காவின் நோட்டில் நேரக் குறிப்புகள் இருந்தன. 4 மணி நேரம் என்று அவர்கள் சொன்ன ஒரு சனிக்கிழமையில், கூடத்துச் சாமான்களை நகர்த்தி, ஷீட் விரித்து, ஒயர் இழுத்து, முகக்கவசத்தைத் தேடி எடுக்க 40 நிமிடம். கடைசியில் கூட்டித் துடைத்து எல்லாவற்றையும் பழையபடி வைக்க 35 நிமிடம். நடுவில் ஓய்வு, போன், ஆணி தேடுவது போக, கை மரத்தின் மேல் இருந்த நேரம் 2 மணியைத் தொடவில்லை.

இன்னொன்று, திட்டத்தின் அமைப்பு. எல்லாவற்றையும் சுரண்டி முடித்த பிறகுதான் எதையும் தேய்க்கலாம் என்றால், பல வாரங்களுக்குக் கண்ணில் படுவது உரித்துப் போட்ட கதவுகள் மட்டுமே. சுரண்டிய கதவு பழைய கதவைவிட அசிங்கமாக இருக்கும், அதுதான் அந்த வேலையின் இயல்பு. உழைக்க உழைக்க வீடு மோசமாகிக்கொண்டே போனது. எத்தனை ஆர்வம் உள்ளவருக்கும் இது தாங்காது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தொடாத 8 கதவுகளையும் அன்றைக்கே திரும்ப மாட்டச் சொன்னேன். தம்பிக்கு இது பின்வாங்குவது போலப் பட்டது. ஆனால் எண் போட்டு வைத்திருந்ததால் ஒன்றரை மணி நேரத்தில் மாட்டிவிட்டோம். கூடத்துக்கு வெளிச்சம் வந்தது. முடிக்க வேண்டியது 14 என்று கண்முன் நின்றது போய் 6 ஆனது.

அடுத்த முடிவில்தான் வாக்குவாதம். சுரண்டியிருந்த கதவுகளில் ஒன்றை மட்டும் எடுத்துக் கடைசிக் கோட் வரைக்கும் கொண்டுபோய் மாட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள் என்றேன். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணா, ஒவ்வொன்னுக்கும் டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷைக் கழுவி, திரும்பத் திறந்து... நேரம் வேஸ்ட்தானே?" என்றார். அவர் சொன்னது சரிதான். ஒரே வேலையை மொத்தமாகச் செய்தால் மணிக்கணக்கில் மிச்சம் ஆகும். தொழிலாக இதைச் செய்யும்போது நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் எனக்கு மாலையில் கூலி கிடைக்கும், வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும். இவர்களுக்குக் கூலியே முடிந்த கதவுதான்.

கடைசியில் நடுவழியாக, ஒரு ஜன்னல், அதாவது ஒரு ஜோடிக் கதவு ஒரு அலகு என்று வைத்தோம். ஒரு ஜோடியின் பிரைமர் காயும் நேரத்தில் அடுத்த ஜோடியைச் சுரண்டலாம், அதனால் காத்திருக்கும் நேரமும் வீணாகாது. இந்த யோசனை தம்பியுடையது. நான் சொன்னதைவிட நல்ல யோசனை.

வேலை செய்யும் இடத்தைப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். இரண்டு ஸ்டாண்டின் மேல் ஒரு பலகை, சுவரில் ஆணி அடித்துக் கருவிகள், கீழே விரித்த ஷீட் விரித்தபடியே. முகக்கவசமும் கண்ணாடியும் அரமும் எப்போதும் அதே ஆணியில். 40 நிமிடத் தயாரிப்பு 5 நிமிடமானது.

முன்கதவை அன்றே பட்டியலிலிருந்து எடுத்தோம். பெயின்ட் உரியாமல் உறுதியாக இருக்கும் வரை ஈய அடுக்கை அப்படியே விட்டு, மேலே புதுக் கோட் பூசி மூடி வைப்பதே பாதுகாப்பு. கடைசியில் பார்க்கலாம் என்று வைத்த ஒரு காரியம், செய்யாமலேயே மனத்தில் பாரமாக உட்கார்ந்திருந்தது. அதை எடுத்ததும் இருவர் பேச்சிலும் ஒரு இலகு வந்தது. உள்கதவுகளில் ஒன்று சாய்வுப் பட்டைகள் வைத்தது, 22 பட்டை. அதைச் சுரண்ட வேண்டாம், தொழில்முறை ஆளிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன். அக்கா யோசித்துத்தான் சம்மதித்தார்.

ஒரு அட்டையில் 7 ஜன்னலுக்கும் கட்டம் போட்டு, ஒவ்வொரு ஜன்னலுக்கும் 9 படி எழுதினோம். கழற்றுதல், சுரண்டல், 80 தாள், 120 தாள், பட்டி, பிரைமர், 220 தாள், பெயின்ட், மாட்டுதல். ஏற்கெனவே முடிந்த படிகளை முதலில் நிரப்பச் சொன்னேன். வெறும் அட்டையோடு தொடங்குவதற்கும் பாதி நிரம்பிய அட்டையோடு தொடங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. 2006-ல் ஜோசப் நூனஸ், சேவியர் ட்ரெஸ் இருவரும் கார் கழுவும் இடம் ஒன்றில் 300 முத்திரை அட்டைகள் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு 8 முத்திரை தேவைப்படும் அட்டை. மீதிப் பேருக்கு 10 முத்திரை அட்டை, அதில் 2 முன்கூட்டியே குத்தியது. இரண்டு பக்கமும் மிச்சம் 8தான். முதல் வகையில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள், இரண்டாவது வகையில் 34 சதவீதம். இவர்கள் விஷயத்தில் நாம் சும்மா எதையும் குத்தவில்லை. செய்த வேலையை யாரும் எண்ணாமல் விட்டிருந்தார்கள், அதை எண்ணினோம், அவ்வளவுதான்.

வார நாளில் 45 நிமிடம், மணி அடித்ததும் நிறுத்துவது என்றும் பேசிக்கொண்டோம்.

எட்டிலிருந்து பன்னிரண்டாவது வாரம்

முதல் ஜோடிக்கு 9 நாள் ஆனது. அந்த ஞாயிறு சாயங்காலம் நான் இருந்தேன். கீலில் கடைசித் திருகை முறுக்கியதும் தம்பி கதவை லேசாகத் தள்ளினார். முன்பெல்லாம் தோளால் இடித்துத்தான் சாத்த வேண்டும் என்பார்கள். இப்போது விரல் நுனியால் தள்ளியதும் போய்ச் சட்டத்தில் மெத்தென்று உட்கார்ந்தது. அம்மா எழுந்து வந்து திறந்தார், சாத்தினார், மறுபடி திறந்தார். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தன் நாற்காலியை எடுத்து அந்த ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டார். அக்கா உள்ளே போய் அட்டையை எடுத்து வந்து ஒன்பதாவது கட்டத்தை நிரப்பினார்.

அதில் ஒரு குறையும் இருந்தது. 80 எண் தாளிலிருந்து நேராக 220-க்குத் தாவியிருக்கிறார்கள். 80 போட்ட கோடுகளை 220-ஆல் அழிக்க முடியாது. மரத்தில் தெரியாத கோடு, பளபளப்பான எனாமல் ஏறியதும் சாய்ந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. மாட்டிய கதவைக் கழற்ற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அடுத்த ஜோடியிலிருந்து 120-ஐ விடவில்லை. இடையில் ஒரு தாளைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்று எத்தனை முறை வாயால் சொன்னாலும் ஏறாதது, ஒரு கதவை முழுதாக முடித்ததால் முதல் ஜோடியிலேயே தெரிந்தது. பழைய திட்டப்படி போயிருந்தால் 14-லும் அந்தக் கோடு விழுந்திருக்கும்.

வார நாள் 45 நிமிடம் அக்காவுக்குப் பொருந்தியது. மாலையில் தாழ்வாரத்துக்குப் போய் சுரண்டியை எடுத்துவிடுவார். காதில் வானொலி நாடகம் ஒன்றை ஓடவிட்டுக்கொள்வார். கையால் சுரண்டும்போது அது நன்றாக உதவியது, நேரம் போனதே தெரியவில்லை என்றார். பெயின்ட் அடிக்கும்போதும் அப்படிக் கேட்டதில் ஒரு கதவின் கீழ்ச்சட்டத்தில் பெயின்ட் வழிந்து காய்ந்துவிட்டது. அதைத் தேய்த்து மறுகோட் அடிக்க ஒரு நாள் போனது. அதற்கப்புறம் பிரஷ் கையில் இருக்கும்போது காதில் ஒன்றும் இல்லை. மின்கருவி ஓடும்போதும் அப்படியே. தம்பிக்கு வார நாள் சரிப்படவில்லை. அரைமணி நேரம் வந்து 45 நிமிடம் வேலை செய்துவிட்டுத் திரும்புவது நடக்கிற காரியம் இல்லை. இரண்டு வாரம் முயன்றுவிட்டு விட்டுவிட்டார்.

பன்னிரண்டாவது வார முடிவில் 4 ஜன்னல்கள் முடிந்தன.

இரண்டாவது தேக்கம்

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். அது தவறு.

ஐந்தாவது ஜன்னலில் மழை பிடித்துக்கொண்டது. காற்றில் ஈரம் அதிகமானதால் பிரைமர் டப்பாவில் போட்டிருந்த நேரத்தில் காயவில்லை. தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது. 220 தாளை வைத்ததும் அழிப்பான் தூள் மாதிரி உருண்டு உருண்டு வந்து தாளை அடைத்தது. அடித்ததை எல்லாம் எடுக்க வேண்டியதாயிற்று. அட்டையில் நிரப்பிய ஒரு கட்டத்தை அக்கா அழித்தார். அந்த வாரம் தம்பி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. போனில் மட்டும், இன்னும் ஒருநாள் காயவிட்டிருக்கலாமே என்று சொல்லியிருக்கிறார். அக்கா பொறுத்துப் பொறுத்து, "நீ வந்து சொல்லுடா, போன்ல சொல்லாத" என்று வைத்துவிட்டார்.

1930-களில் கிளார்க் ஹல் என்ற உளவியலாளர் எலிகளை ஒரு நீண்ட பாதையில் ஓடவிட்டுப் பார்த்தார். உணவு இருக்கும் முனையை நெருங்க நெருங்க அவை வேகமாக ஓடின. மனிதர்களும் முடிவு தெரியும் இடத்தில் வேகம் எடுக்கிறோம். தொடக்கத்தில் புதுமை இழுக்கிறது, கடைசியில் முடிவு இழுக்கிறது. நடுவில் இரண்டுமே இல்லை. 7-ல் ஐந்தாவது ஜன்னல் அந்த நடுப்பகுதி.

ஆனால் இந்த விளக்கம் போதவில்லை. இருவரையும் தனித்தனியாகக் கேட்டபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. எந்த வேலை சலிப்பு என்று கேட்டேன். தம்பிக்குச் சுரண்டல் வெறுப்பு. பள்ளம் பள்ளமாகப் போவது தலையைப் பிடித்துக்கொள்வது போல இருக்கிறது என்றார். ஆனால் கீல், தாழ்ப்பாள், கொக்கி எல்லாவற்றையும் ஊறவைத்துப் பெயின்ட் எடுத்து, பழையபடி ஓடவைப்பதில் அலுப்பே தெரிவதில்லையாம். அக்காவுக்குச் சுரண்டுவது பிடித்தே இருந்தது, அந்த 45 நிமிடம்தான் நாளில் யாரும் எதுவும் கேட்காத நேரம் என்றார். பிரஷ் கழுவுவதும் டப்பாக்களைத் துடைத்து மூடுவதும்தான் அவரை வதைத்தன, அதை நினைத்தே பல நாள் பெயின்டைத் திறக்காமல் இருந்திருக்கிறார். இத்தனை வாரமும் எல்லா வேலையையும் சரிபாதியாகப் பிரித்திருந்தார்கள். நியாயமாக இருக்க வேண்டும் என்று செய்தது, இருவரையும் அவரவருக்குப் பிடிக்காததில் பாதி நேரம் உட்காரவைத்தது.

இதை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். சலிப்பான வேலை எது என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் கேட்காமல் விட்டேன்.

வேலையைத் திரும்பப் பிரித்தோம். சுரண்டலும் தேய்ப்பதும் அக்கா. உலோகச் சாமான்கள், பெயின்ட், பிரஷ் கழுவுவது, மாட்டுவது தம்பி. தம்பியின் பங்கில் உலோக வேலையை அவர் வீட்டிலேயே செய்யலாம். ஞாயிறு மட்டும் வந்து பெயின்ட் அடித்து மாட்டினால் போதும். மணிக்கணக்கில் பார்த்தால் அக்காவுக்குக் கொஞ்சம் அதிகம். அதை அவரே தெரிந்து ஏற்றுக்கொண்டார். மழை விட்டுக் காற்று உலரும் வரை பிரைமரைத் தொடுவதில்லை, அதுவரை சுரண்டல் மட்டும் என்றும் வைத்தோம்.

முடிவு

21-வது வாரம் கடைசி ஜன்னல் மாட்டப்பட்டது. அதற்குள் உள்கதவுகள் இரண்டும் முடிந்திருந்தன. பட்டைக் கதவு தொழில்முறை ஆளிடம் போய் 4 நாளில் திரும்பி வந்தது. அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை நாம செஞ்சிருந்தா இன்னும் பத்தாவது பட்டையில இருந்திருப்போம்" என்றார்.

மொத்தம் 171 மணி நேரம். திட்டமிட்டது 96. ஏறக்குறைய 1.8 மடங்கு. முதல்முறை செய்பவர்களுக்கு இது பெரிய பிழை இல்லை. காலண்டர் கணக்கு வேறு கதை. வாரத்துக்கு 16 மணி என்று அவர்கள் வைத்த வேகத்தில் போயிருந்தால் 171 மணி 11 வாரத்தில் முடிந்திருக்கும். ஆனது 21. மீதி 10 வாரம் கடினமான வேலையால் போனதல்ல. கை வைக்காத வாரங்களிலும் அரைகுறையாகப் போன வாரங்களிலும் போனது. எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போடத் தெரிந்த பலருக்கும், நின்றுபோன வேலையைத் திரும்பத் தொட எத்தனை வாரம் ஆகும் என்று கணக்குப் போடத் தோன்றுவதில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

திட்டம் போடும் முன் ஒரே ஒரு கதவைக் கழற்றித் தொடங்கி மாட்டி முடிக்க வேண்டும். அதற்கு ஆன நேரத்தை வைத்துத்தான் மற்றவற்றுக்குக் கணக்கு. கருவியில் தவறு இருந்தால் அந்த ஒன்றிலேயே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றக் கூடாது. இதை நான் இப்போது என்னிடம் கேட்கிற எல்லோரிடமும் முதலில் சொல்கிறேன். கழற்றுவது எளிது, பார்க்கப் பெரிய வேலை செய்தது போல இருக்கும். அதனாலேயே ஆபத்து.

கருவியைப் பொறுத்தவரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை அரம் என்பதை வேலையின் ஒரு படியாகவே வைக்க வேண்டும். கை சலிக்கும்போது முதலில் முனையைத் தடவிப் பார்க்க வேண்டும், பிறகுதான் மனத்தைக் குறை சொல்வது. யாருக்கு எது வெறுப்பு என்று தொடங்கும் முன்பே கேட்டுப் பிரிக்க வேண்டும். அம்மாவிடம் 6 வாரத்தில் முடிந்துவிடும் என்று சொன்னதும் வேண்டாத வேலை. ஆறாவது வாரத்துக்குப் பிறகு அவர் எதுவும் கேட்காமல் இருந்ததே இருவரையும் அந்தக் கூடத்துக்குள் போகவிடாமல் செய்தது.

அட்டை உதவியதா என்று இருவரும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அக்கா அதை இன்னும் சுவரில் வைத்திருக்கிறார். தம்பி, தான் ஒருமுறைகூட அதைப் பார்த்து வேலை செய்யவில்லை, முதல் ஜன்னல் விரல் நுனியில் சாத்தியதுதான் தன்னைத் திரும்ப வரவைத்தது என்கிறார்.

ஆறு மாதம் கழித்து

மூன்றாவது ஜன்னலின் இடது கதவில் கீழ் ஓரம் பெயின்ட் கொப்பளித்திருப்பதாகத் தம்பி போன் செய்தார். போய்ப் பார்த்தேன். காயவைக்கும்போது கதவை அந்த ஓரத்திலேயே தரையில் நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் அடிப்பக்கத்தில் பிரைமரே படவில்லை. அங்கே மர நாரின் வெட்டுமுனை வெளியே தெரிகிறது, தண்ணீரைத் திரி மாதிரி மேலே இழுக்கும். வீட்டில் உள்ள மற்ற கதவுகளின் கீழ் ஓரங்களையும் சிறு கண்ணாடியை அடியில் வைத்துப் பார்த்தோம். மேலும் மூன்றில் அதே குறை.

தம்பி திருகாணிப் பொட்டலத்தில் எழுத வேண்டிய எண்ணைக் கேட்டுக்கொண்டே அந்த ஒரு கதவை மட்டும் கழற்றினார். அக்கா தாழ்வாரத்தில் ஆணியிலிருந்து அரத்தை எடுத்தார். அடுத்த ஞாயிறு அது திரும்ப ஜன்னலில் இருந்தது. மற்ற மூன்றையும் வாரத்துக்கு ஒன்றாகக் கழற்றுவது என்று பேசியிருக்கிறார்கள்.